ராஜாவின் மச்சானைத் தேடி

திங்கள், பாஸ்வொர்த்

இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றிக்கு நெருக்கமாக இருப்பது ஆபத்தான உத்தியோகம். தாமஸ் மோர், தாமஸ் கிராம்வெல், நிக்கோலஸ் கேரூ, போதாததற்கு இரண்டு ராணிகள் என்று கோடரிக்கும் வாளுக்கும் போனவர்களின் வரிசை நீளம். கடைசி வரை நண்பனாகவே இருந்து, படுக்கையில் படுத்துச் செத்த புண்ணியவான் சார்லஸ் பிராண்டன். சஃபோக் டியூக். ராஜாவின் தங்கையைக் கட்டிக்கொண்டதால் ராஜாவுக்கே மச்சான். பெரிய அறிவாளி என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. எழுத்துப் பிழைகள் மலிந்த கடிதங்கள் எழுதுவார், குதிரையேறி ஈட்டி பிடித்தால் ஹென்றிக்கு நிகராக நிற்பார், கல்யாணம் செய்துகொள்வார். இந்த மூன்றாவது திறமைதான் என்னை இந்தப் பயணத்துக்கு இழுத்து வந்தது. அவருடைய குடும்பம் இங்கிலாந்தில் எங்கெங்கே வாழ்ந்து எங்கெங்கே புதைந்திருக்கிறதோ, முடிந்த வரை அங்கெல்லாம் போய்ப் பார்ப்பதாகத் திட்டம்.

முதலில் பிராண்டனின் அப்பா, பாஸ்வொர்த் சண்டையில் செத்தவர். லெஸ்டரில் அறை எடுத்துக்கொண்டு டாக்சி பிடித்து பாஸ்வொர்த் போனேன். பஸ்ஸை நம்பினால் பாதி நாள் போய்விடும். ஆம்பியன் குன்றின் மேல் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். சண்டை நடந்த இடம் இந்தக் குன்றுதான் என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு மெட்டல் டிடெக்டரோடு வயல்களைச் சலித்தபோது பீரங்கிக் குண்டுகளும், அப்போதைய ராஜா மூன்றாம் ரிச்சர்டின் சின்னமான காட்டுப்பன்றி பொறித்த வெள்ளி வில்லையும் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்தன. நிஜமான போர்க்களம் இப்போது விளைநிலம். குன்றிலிருந்து அந்தத் திசையில் பார்த்தால் பச்சையும் வேலியும்தான்.

1485 ஆகஸ்ட் 22. ஹென்றி டியூடரின் (பிற்பாடு ஏழாம் ஹென்றி, நம் எட்டாம் ஹென்றியின் அப்பா) கொடியைப் பிடித்து நின்றவர் வில்லியம் பிராண்டன். தோற்கப் போகிறோம் என்ற நிலையில் மூன்றாம் ரிச்சர்ட் நேராக ஹென்றியைக் குறிவைத்துக் குதிரையை விட்டார். நடுவில் நின்றது கொடிக்காரர். ரிச்சர்டே தன் கையால் அவரைக் கொன்றார் என்கிறார்கள். அந்தச் சில நிமிடங்களில் ஹென்றி தப்பித்தார், ரிச்சர்ட் விழுந்தார், டியூடர் வம்சம் ஆரம்பித்தது. வில்லியமின் மகன் சார்லஸ் அப்போது கைக்குழந்தை.

கொடியைப் பிடித்துச் செத்தவனின் பிள்ளையை ஏழாம் ஹென்றி கைவிடவில்லை. ராஜாவின் குதிரைலாயத்துக்குத் தலைவராக இருந்த சித்தப்பா தாமஸ் பிராண்டனின் நிழலில் சார்லஸ் அரண்மனையிலேயே வளர்ந்தார். தன்னைவிட ஏழு வயது போல இளையவனான இளவரசன் ஹென்றிக்கு அண்ணன் மாதிரி ஆனார். ஒரு சாவு வாங்கிக் கொடுத்த வேலை அது.

ராத்திரி சாப்பாடு லெஸ்டர் பெல்கிரேவ் ரோட்டில். குஜராத்திக் கடை. பருப்பில் இனிப்பு. பசிக்கு எல்லாம் இறங்கும்.

செவ்வாய், பிராட்கேட்

லெஸ்டருக்கு வெளியே பிராட்கேட் பூங்கா. மான்கள் உண்டு, பாறைகள் உண்டு, நாயோடு நடக்க வருபவர்கள் ஏராளம். நடுவே செங்கல் சுவர்கள் இடிந்து நிற்கின்றன. பிராண்டனின் பேத்தி ஜேன் கிரே வளர்ந்த வீடு இது.

1550இல் ரோஜர் ஆஸ்கம் என்ற அறிஞர் இங்கே வந்தபோது வீட்டார் எல்லாரும் பூங்காவில் வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். சின்னப் பெண் மட்டும் அறையில் தனியாக உட்கார்ந்து பிளாட்டோவைக் கிரேக்க மொழியில் படித்துக்கொண்டிருந்தாள். நீ போகவில்லையா என்று கேட்டதற்கு, அவர்களுடைய விளையாட்டு இந்த இன்பத்துக்கு நிழல்கூட இல்லை என்ற பாணியில் பதில் சொன்னாளாம். மூன்று வருடம் கழித்து, 1553 ஜூலையில், அவளை ராணி ஆக்கினார்கள். சில நாள் ராணி. 1554 பிப்ரவரி 12இல் தலை போனது. அதே மாதம் 23இல் அவள் அப்பா ஹென்றி கிரேயின் தலையும் போனது. அந்தத் துக்கத்தில் பூங்காவின் ஓக் மரங்களை வேலையாட்கள் தலை தட்டி வெட்டினார்கள் என்று ஊரில் கதை உண்டு. உச்சி மழுங்கிய கிழட்டு ஓக் மரங்கள் இன்றும் நிற்கின்றன. விறகுக்காக அப்படி வெட்டுவது அந்தக் காலத்தில் சாதாரண வழக்கம்தான். ஆனாலும் மரத்தடியில் நிற்கும்போது கதையைத்தான் நம்பத் தோன்றுகிறது.

இந்தப் பெண்ணுக்கு எப்படி மகுடம் வந்தது? அவள் அம்மா பிரான்சிஸ், பிராண்டனின் மகள், எட்டாம் ஹென்றியின் தங்கை மகள். தாத்தா செய்த ஒரு கல்யாணம். நாளைக்கு அந்தப் பாட்டியைப் பார்க்கப் போகிறேன்.

புதன், பரி செயின்ட் எட்மண்ட்ஸ்

லெஸ்டரிலிருந்து ரயிலில் பீட்டர்பரோ வந்து, பையை அறையில் போட்டுவிட்டு, இன்னொரு ரயிலில் பரி. வயல், வாய்க்கால், வயல். ஜன்னலுக்கு வெளியே பார்க்க அதிகம் இல்லாததால் பிராண்டனின் கல்யாணக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். உறவுமுறைப் படம் ஒன்று வரைந்து பார்த்தேன். தாளில் இடம் போதவில்லை.

முதலில் ஆன் பிரவுன் என்ற பெண்ணுக்கு வாக்குக் கொடுத்தார். அவள் கர்ப்பமாக இருக்கும்போதே அவளை விட்டுவிட்டு, அவளுடைய மாற்றாந்தாயின் சகோதரி மார்கரெட் மார்டிமரைக் கட்டினார். மார்கரெட் வயதில் மூத்த, சொத்துள்ள விதவை. அவளுடைய நிலங்களை விற்றுக் காசாக்கிவிட்டு, இந்தக் கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பு வாங்கி, திரும்பப் போய் 1508இல் ஆனையே கட்டினார். நம் ஊராக இருந்தால் பஞ்சாயத்தில் கட்டி வைத்திருப்பார்கள். ஆன் இரண்டு பெண்களைப் பெற்றுவிட்டு இறந்தாள். அடுத்து, தன் பாதுகாப்பில் இருந்த சிறுமி எலிசபெத் கிரேயைக் கட்டுவதாக ஒப்பந்தம் போட்டு, அவள் வழியாக லைல் பிரபு என்ற பட்டத்தை வாங்கினார். கல்யாணம் நடக்கவில்லை. பட்டம் மட்டும் வந்தது. 1514 பிப்ரவரியில் சஃபோக் டியூக். கொடிக்காரர் மகனுக்கு இது மலை உச்சி.

அதே வருடம் அக்டோபரில் ஹென்றி தன் தங்கை மேரியை, 18 வயதுப் பெண்ணை, 52 வயது பிரெஞ்சு ராஜா பன்னிரண்டாம் லூயிக்குக் கட்டிக் கொடுத்தார். (பின்னாளில் ராணியான மேரி வேறு. அவள் இவளுக்கு மருமகள் முறை.) கிழவர் போனால் அடுத்த மாப்பிள்ளையை நானே பார்த்துக்கொள்வேன் என்று அண்ணனிடம் முன்கூட்டியே வாக்கு வாங்கியிருந்தாள். கெட்டிக்காரி. 1515 புத்தாண்டு அன்று லூயி போனார். தங்கையைக் கூட்டிவர ஹென்றி அனுப்பிய ஆள் பிராண்டன். அங்கே எதுவும் செய்துவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கித்தான் அனுப்பினார். பாரிஸில் மேரி அழுத அழுகை! ஒரு பெண் இப்படி அழுது நான் பார்த்ததே இல்லை என்று பிராண்டன் கடிதத்தில் எழுதினார். ரகசியமாகத் தாலி கட்டாத குறையாகக் கல்யாணம் முடிந்தது.

ராஜாவின் தங்கையை ராஜாவின் அனுமதி இல்லாமல் கட்டுவது தலை போகிற குற்றம். பிராண்டனுக்குப் பணம் போனது. 24,000 பவுண்ட் அபராதம், வருடத்துக்கு 1,000 வீதம். மேரி பிரான்சிலிருந்து கொண்டுவந்த பெரிய வைரத்தையும் அண்ணனிடம் கொடுத்தாயிற்று. மே 13இல் கிரீனிச்சில் எல்லார் முன்னாலும் மறுபடி கல்யாணம். ஹென்றியும் வந்து நின்றார்.

பரியில் இறங்கியதும் நேராக செயின்ட் மேரி தேவாலயம். அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க மரத்தில் செதுக்கிய தேவதைகள் சிறகு விரித்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால் மேரியைத் தவறவிடுவீர்கள். அவள் பீடத்துக்கு இடப்பக்கம் ஓரமாகத் தரையில் கிடக்கிறாள். ஒரு கல் பலகை, சுற்றிலும் பளிங்கு விளிம்பு, அவ்வளவுதான். பிரான்சின் ராணி என்ற பட்டத்தை அவள் சாகும்வரை விடவில்லை. டியூக்கின் மனைவி என்பது அதற்குக் கீழேதான்.

1533 ஜூன் 25இல், 37 வயதில், பக்கத்து வெஸ்ட்ஹார்ப் வீட்டில் இறந்தாள். அந்த மாளிகையை 18ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டதால் அங்கே போகவில்லை. முதலில் புதைத்தது பரியின் பெரிய மடாலயத்தில். 1539இல் ஹென்றி மடாலயத்தை மூடியபோது தங்கையின் உடலை இங்கே மாற்றினார்கள். அந்த மடாலயம் இன்று கல் துண்டுகளாகப் பூந்தோட்டத்தின் நடுவே நிற்கிறது. பையன்கள் அதன் மேல் ஏறிக் குதிக்கிறார்கள்.

இழவு வீட்டுச் சண்டை ஒன்றும் இருக்கிறது. சடங்கில் முதல் மரியாதை மேரியின் மகள் பிரான்சிஸுக்கு. பிராண்டனின் முதல் தாரத்துப் பெண்கள் இருவரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றார்களாம். மேரி பெற்ற பெண்கள் முகம் கொடுக்காமல் கிளம்பிவிட்டார்களாம். மேரி பெற்ற பிள்ளைகளுக்கும் முறைப்படி ஒரு சிக்கல் இருந்தது. மார்கரெட் மார்டிமர் உயிரோடு இருந்த காலத்தில் நடந்த கல்யாணம் அல்லவா? பிராண்டன் 1528இல் போப் ஏழாம் கிளமெண்டிடம் ஓலை வாங்கி அதைச் சரிசெய்துவிட்டார். ஹென்றி கேட்ட விவாகரத்தை வருடக்கணக்கில் இழுத்தடித்த அதே கிளமெண்ட். மச்சான் காரியம் மட்டும் சுலபமாக முடிந்தது!

கடைசியாக மாய்சஸ் ஹால். 12ஆம் நூற்றாண்டுக் கல் வீடு, இப்போது அருங்காட்சியகம். 1784இல் மேரியின் சவப்பெட்டியைத் திறந்தபோது கூந்தலை வெட்டி எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அதில் ஒரு கற்றை இங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. விரல் நீளம்கூட இல்லை போலத் தெரிந்தது. இதைப் பார்க்காமலே வந்திருக்கலாம் என்று பட்டது. ஆனாலும் நன்றாகக் குனிந்து பார்த்தேன்.

வியாழன், கிரிம்ஸ்தார்ப்

பீட்டர்பரோவிலிருந்து போர்ன் வரை பஸ், அப்புறம் டாக்சி. வர வேண்டிய பஸ் ஒன்று வரவே இல்லை. நிறுத்தத்தில் என்னோடு நின்ற பாட்டி, இது இப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் பின்னல் ஊசியை எடுத்துவிட்டார்.

மேரி இறந்தது ஜூன் 25. பிராண்டன் அடுத்த கல்யாணம் செய்தது செப்டம்பர் 7. மணப்பெண் கேத்தரின் வில்லோபி, வயது 14. மாப்பிள்ளைக்கு ஐம்பதை ஒட்டி. அவள் அவருடைய மகன் ஹென்றிக்கு நிச்சயித்திருந்த பெண். மகன் சின்னப் பையன், நோயாளி. காத்திருந்தால் வில்லோபி சொத்து கைநழுவும். அப்பாவே கட்டிக்கொண்டார். அடுத்த மார்ச்சில் பையன் இறந்தான். பிராண்டனை எவ்வளவு ரசித்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டையில் மாட்டுகிறது.

கிரிம்ஸ்தார்ப் கேத்தரினின் அப்பா வீடு. வடக்கு முகப்பு கட்டடக்கலைஞர் வான்பரூ கட்டியது, பிரமாண்டம், பார்த்தால் கழுத்து வலிக்கும். ஆனால் நான் வந்தது பின்பக்கத்துக்கு. சுற்றிக்கொண்டு தெற்கே போனால் வேறு வீடு மாதிரி இருக்கிறது: தாழ்வாக, சமமில்லாமல், அவசரத்தில் சேர்த்துக் கட்டியது போல. அவசரம்தான். 1541இல் ஹென்றி யார்க் போகும் வழியில் இங்கே தங்கப் போகிறார் என்று தெரிந்ததும் பிராண்டன் வீட்டை இழுத்துப் பெரிதாக்கினார். பக்கத்திலிருந்த வாடி மடாலயம் ஏற்கனவே மூடப்பட்டிருந்ததால் கல்லுக்குப் பஞ்சமில்லை.

கேத்தரின் சுலபமான பெண்ணாக வளரவில்லை. சீர்திருத்த கிறிஸ்தவத்தில் தீவிரம். பிஷப் கார்டினரைக் கண்டால் ஆகாது, அதனால் தன் நாய்க்கு கார்டினர் என்று பேர் வைத்தாள். பிராண்டன் இறந்த பிறகு ஹென்றி இவளை ஏழாவது மனைவியாக்கப் போகிறார் என்றுகூட வதந்தி கிளம்பியது. அவள் தன் வீட்டு ஊழியர் ரிச்சர்ட் பெர்டியைக் கட்டிக்கொண்டாள். கத்தோலிக்கரான மேரி ராணியின் காலத்தில் அவரோடு நாட்டைவிட்டே ஓடி, ஜெர்மனியும் போலந்தும் அலைந்து திரும்பினாள். கிழவனுக்குக் கட்டி வைத்த பெண் இரண்டாவது முறை தானே தேர்ந்தெடுத்தாள் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

வெள்ளி, பீட்டர்பரோ, பக்டன்

காலையில் பீட்டர்பரோ கதீட்ரல். ஹென்றி தள்ளி வைத்த முதல் மனைவி, ஸ்பெயின்காரி, அரகோன் கேத்தரினின் கல்லறை இங்கேதான். பொன்னிற எழுத்துகளில் ‘இங்கிலாந்தின் ராணி’ என்று எழுதியிருக்கிறது. 1536 ஜனவரி 29இல் புதைத்தபோது அப்படிச் சொல்ல ஹென்றி விடவில்லை, செத்துப்போன அண்ணன் ஆர்தரின் விதவை என்ற கணக்கில்தான் சடங்கு நடந்தது. அதில் முதல் துக்கக்காரராக நடந்தவள் எலினர், பிராண்டனின் மகள். அவளோடு நடந்தவர்களில் ஒருத்தி கேத்தரின் வில்லோபி, பிராண்டனின் மனைவி. கல்லறை மேல் யாரோ மாதுளம்பழம் வைத்திருந்தார்கள். ராணியின் சின்னம் அது.

ராணிக்கும் பிராண்டன் குடும்பத்துக்கும் என்ன இவ்வளவு ஒட்டு? கேத்தரின் வில்லோபியின் அம்மா மரியா டி சலினாஸ், ராணிக்குத் துணையாக ஸ்பெயினிலிருந்து வந்த உயிர்த்தோழி. மகளுக்குக் கேத்தரின் என்று பேர் வைத்தது சும்மா இல்லை.

மத்தியானம் ஹண்டிங்டன் வரை ரயில், அங்கிருந்து பக்டன். பிஷப்புகளின் பழைய அரண்மனை. இப்போது கிளரீஷியன் துறவிகள் கையில் இருக்கிறது. சிவப்புச் செங்கல் கோபுரம், மூலைக்கு ஒரு எண்கோணத் தூண், செங்கல்லுக்குள்ளேயே கறுத்த செங்கல்லால் வைர வடிவக் கோலம். தேவாலயத்தின் கூர்கோபுரம் தோளில் கை போட்டது மாதிரி பக்கத்திலேயே நிற்கிறது.

ராணியை 1533இல் இங்கே வைத்திருந்தார்கள். டிசம்பரில், அவளை இன்னும் மோசமான இடத்துக்கு மாற்ற, வேலையாட்களைக் கலைக்க, ஹென்றி அனுப்பிய ஆள் பிராண்டன். கல்யாணமாகி மூன்று மாதம். மாமியார் ராணியின் தோழி. கிளம்பும் முன் பாவமன்னிப்பு கேட்டு நற்கருணை வாங்கிக்கொண்டு, வழியில் எனக்கு ஏதாவது விபத்து நேரட்டும், இந்த வேலையிலிருந்து தப்பிக்கிறேன் என்று சொன்னாராம். இது மாமியார் வழியாக ஸ்பெயின் தரப்புத் தூதர் ஷாப்வீயின் காதுக்குப் போய், அவர் எழுதி வைத்திருக்கிறார்.

விபத்து எதுவும் நேரவில்லை. பிராண்டன் வந்து சேர்ந்தார். ராணி அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். என்னைக் கொண்டுபோக வேண்டுமானால் கதவை உடை என்று உள்ளிருந்தே சொன்னாள். கட்டித் தூக்கினால் ஒழிய முடியாது என்று பிராண்டன் லண்டனுக்கு எழுதினார். உடைக்கவில்லை. ஊர்க்காரர்கள் வெளியே கூடி நின்று முறைத்தார்களாம். கிறிஸ்துமஸ் நேரத்தில், டியூக், ராஜாவின் மச்சான், ஒரு மூடிய கதவுக்கு முன்னால் நாள் கணக்கில் நின்றுவிட்டு, சில வேலையாட்களை மட்டும் விரட்டிவிட்டுத் திரும்பினார். தோல்விதான். எனக்கு அவர் பேரில் கொஞ்சம் மரியாதை வந்தது இந்தத் தோல்வியில்தான். கிராம்வெல் மாதிரி ஆளாக இருந்திருந்தால் கதவு போயிருக்கும்.

இந்த வளாகத்துக்கு பிராண்டன் குடும்பம் இன்னொரு முறை வந்தது. 1551 கோடை. வியர்வைக் காய்ச்சல். காலையில் நன்றாக இருந்தவன் ராத்திரிக்குள் போய்விடுவான். கேத்தரின் வில்லோபி பெற்ற இரண்டு பையன்கள், ஹென்றிக்கு 15 வயது, சார்லஸுக்கு அதைவிட இரண்டு வயது போலக் குறைவு, கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சலுக்குப் பயந்து இங்கே ஓடி வந்தார்கள். ஜூலை 14இல் மூத்தவன் இறந்தான். டியூக் பட்டம் தம்பிக்குப் போனது. ஒரு மணி நேரத்துக்குள் அவனும் போனான். இருவரையும் ஹோல்பைன் குழந்தைகளாக வரைந்த சிற்றோவியங்கள் இன்றைய அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. தடித்த கன்னம், ரொம்ப சீரியஸான முகம்.

ஆண் வாரிசு ஒருவரும் மிச்சமில்லை. பட்டம் அந்த அக்டோபரிலேயே மருமகன் ஹென்றி கிரேக்கு, பிராட்கேட் வீட்டுக்குப் போனது. அந்த வீடு சிம்மாசனத்துக்கு இன்னும் ஒரு படி பக்கத்தில் வந்தது. பையன்கள் பிழைத்திருந்தாலும் ராஜ ரத்தம் என்னவோ பிரான்சிஸ் பக்கம்தான். ஆனால் டியூக் என்ற மிடுக்கு இல்லாத ஹென்றி கிரே 1553இல் அவ்வளவு துணிந்திருப்பாரா என்று யோசித்துக்கொண்டே லண்டன் ரயில் ஏறினேன்.

சனி, விண்ட்ஸர்

செயின்ட் ஜார்ஜ் சாப்பல். ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களை விட மாட்டார்கள், செவ்வாய் புதனில் கோட்டையே மூடியிருக்கும், போகிறவர்கள் கவனிக்கவும். உள்ளே போட்டோ எடுக்கவும் கூடாது. நல்லதுதான், கூட்டம் நகர்கிறது.

பாடகர் பகுதியின் தரை நடுவே கறுப்புப் பளிங்கு. அடியில் எட்டாம் ஹென்றி, ஜேன் சீமோர், பிற்காலத்தில் சேர்ந்த முதலாம் சார்லஸ். பிராண்டன் அதிகத் தூரத்தில் இல்லை, தெற்கு வாசல் பக்கம். அவரைத் தேடி வந்தவர்கள் அன்று நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். எல்லாரும் இரண்டாம் எலிசபெத் ராணியின் கல்லறைக்கு வரிசையில் நின்றார்கள்.

1524இல் ஒரு ஈட்டி விளையாட்டில் ஹென்றி முகமூடியை இறக்க மறந்துவிட்டார். எதிரே வந்தவர் பிராண்டன். ஜனங்கள் கத்தியது தலைக்கவசத்துக்குள் அவருக்குக் கேட்கவில்லை. ஈட்டி ஹென்றியின் கவசத்தில் நெற்றிக்குப் பக்கத்தில் உடைந்து சிதறியது. இனி உங்களுக்கு எதிரே ஓட மாட்டேன் என்று பிராண்டன் சத்தியம் செய்தார். ஹென்றியோ தப்பு என்னுடையது என்று சிரித்துவிட்டார். இன்னொருவராக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிராண்டன் இறந்தது 1545 ஆகஸ்ட் 22, கில்ட்ஃபோர்டில். அப்பா பாஸ்வொர்த்தில் விழுந்து சரியாக 60 வருடம், அதே தேதி. முந்தின வருடம்தான் பிரான்சில் பூலோன் நகரத்தை முற்றுகையிட்டுப் பிடித்திருந்தார். சாவுச் செய்தி வந்தபோது ஹென்றி ஆலோசனைச் சபையைப் பார்த்து, அவர் ஒரு நாளும் எதிரிக்குக்கூடக் குழி பறித்ததில்லை, உங்களில் யார் அப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

உயிலில் பிராண்டன் கேட்ட இடம் விண்ட்ஸர் இல்லை. லிங்கன்ஷயரில் டாட்டர்ஷல் தேவாலயத்தில், ஆடம்பரம் எதுவும் இல்லாமல் புதைக்கச் சொல்லியிருந்தார். ஹென்றி கேட்கவில்லை. உடலை இங்கே எடுத்து வரச் சொல்லி, செலவையும் தானே ஏற்றுக்கொண்டார். 1515இல் 24,000 பவுண்ட் எடுத்து வை என்று சொன்ன அதே மச்சான்.